பதினான்காம் பிரிவு, எஃப் வரிசை

முதல் பீரியட் முடிய ஆறு நிமிஷம்.
நடுவர் வட்டைப் போடுகிறார், இருவர் குனிகிறார்கள்,
ரென்விக் மறுபடியும் தோற்கிறான்.
கேத்தான் கோப்பியைக் காலடியில் இறக்கி வைக்கிறார்.
இனித் தொடங்கும்.

"ஹவ்ரானாய் இருந்திருந்தால்…"

காகித ஆலை மூடிய பிறகு
கோர்ன்வாலில் உரத்துப் பேச மிஞ்சியிருப்பது
நீர்நாய்கள் அணியின் சென்டர் யார் என்பதுதான்.

"ஹவ்ரான் குனிந்தால்
தடி பனியைத் தொடுமுன்னே வட்டு எங்கள் பக்கம்."
"ரென்விக்குக் கால் இருக்கிறது," பள்ளி பஸ் ஓட்டும் ஷெல்பி.
"உங்கள் ஹவ்ரான் நீலக்கோட்டைத் தாண்ட
நான் இரண்டு பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்துவிடுவேன்."
"கால் எதற்கு? கண் இருந்ததே."
"கண்ணை வைத்து எண்பது புள்ளி எடுத்தானா?"
"எழுபத்தொன்பது."
"அதைத்தான் கேட்டேன்."

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.
ஓய்வுபெற்ற சென்டருக்கோ
வருஷத்துக்கு வருஷம் விலை ஏறுகிறது.

ஒருமுறை கேத்தானுக்குச் சொன்னேன்:
சென்டரைத் தமிழில் நடுவன் என்று வைத்துக்கொண்டால்
எங்கள் பழம்பாட்டில் அது யமனின் பெயர்.
நிறைய நேரம் யோசித்தார்.
"ரென்விக்குக்குப் பொருந்தாது," என்றார்.

நானும் சும்மா இருப்பதில்லை.
இரண்டாயிரத்து நாலு மார்ச், பெம்புரோக்குக்கு எதிராக,
மேலதிக நேரம், இடப்பக்க வட்டம்.
வட்டை வென்றவன் யாருக்கும் கொடுக்கவில்லை,
தடியைத் திருப்பி, பின்கையால்,
கோலியின் முழங்காலுக்கும் கம்பத்துக்கும் நடுவே
ஒரு தோசைக்கரண்டி மட்டும் நுழையும் இடைவெளியில்…
இந்த இடத்தில் கையால் காட்டுவேன்.
முன்வரிசைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

இன்றும் காட்டினேன்.
ஷெல்பி கூட்டிவந்த புதியவன், நல்ல பையன்,
மரியாதையாகத்தான் கேட்டான்:
"அன்றைக்கு நீங்கள் எந்தப் பக்கம் இருந்தீர்கள்?"

இரண்டாயிரத்து நாலு மார்ச்சில்
நான் மன்னாரில், ஏஎல் பரீட்சைக்கு
இரசாயனவியல் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.
ஐஸ் என்றால் மீன்பெட்டியில் கிடப்பது.
அதில் வழுக்கியவர்கள் உண்டு,
யாரும் கைதட்டியதில்லை.
ஹவ்ரானின் ஆட்டம் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.
கேத்தான் சொன்னதில் பாதி, ஷெல்பி மறுத்ததில் பாதி,
தோசைக்கரண்டி மட்டும் என்னுடையது.

வாயைத் திறந்தேன்.
அதற்குள் கேத்தான், பனியிலிருந்து கண்ணெடுக்காமல்:
"எனக்கு நேர் பின்னால் இருந்தாள்.
இவள் கத்திய கத்தலில்
இந்தக் காது இன்னும் இரைகிறது."
காதைத் தொட்டும் காட்டினார்.
பையன் நம்பிவிட்டான்.
ஷெல்பி பொப்கோர்னுக்குள் எதையோ தேடினாள்.

எத்தனை வருஷமாய்த் தெரியும் இவருக்கு?

கேட்கவில்லை. இதற்கெல்லாம் வட்டி உண்டு.
இன்றைக்கு நான் சொல்ல நினைத்து வந்தது வேறு:
ரென்விக்தான் எனக்குப் பிடித்த சென்டர்,
ஏனென்றால் அவன் தோற்பதை
என் சொந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.
தோற்றதும் அவன் தலை ஒரு கணம் கவிழும்,
கையுறையைப் பல்லால் இழுப்பான்,
பிறகு ஓடுவான்.
இதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

இப்போது சொல்ல முடியாது.

கடைசி நிமிஷம். எங்கள் முனையில் வட்டம்.
நடுவரின் கை தாழ்கிறது.
தோற்றான்.
தலை கவிழ்ந்தது, பல், கையுறை,
இரண்டு பேரைச் சுற்றி விரட்டிப்போய்
மூலையில் வட்டைப் பிடுங்கி வெளியே அடித்தான்.
"கால்!" ஷெல்பி எழுந்துவிட்டாள்.

"ஹவ்ரானாய் இருந்தால்," என்றார் கேத்தான்,
"ஓடவே வேண்டியிருந்திருக்காது.
இல்லையா?"

என்னைத்தான் கேட்டார்.
"இல்லைத்தான்," என்றேன்,
எழுந்து நின்று, கைதட்டிக்கொண்டே.